முதலுக்கே மோசம்

2002க்கும் 2015க்கும் இடையில் ஈரானில் நிலத்தடி நீர் எடுக்கும் இடங்கள் 85 சதவீதம் கூடின. சுமார் ஐந்தரை லட்சமாக இருந்தது பத்து லட்சத்தைத் தாண்டியது. அதே பதின்மூன்று ஆண்டுகளில் எடுத்த தண்ணீரின் அளவு 18 சதவீதம் குறைந்தது. யாரும் சிக்கனம் பிடித்துக் குறைக்கவில்லை. இருந்தால்தானே எடுக்க?

அந்த இடைவெளியில் நிலத்தடியிலிருந்து கரைந்துபோன இருப்பு சுமார் 7,400 கோடி கன மீட்டர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. நம் கணக்கில் சொன்னால், நிரம்பிய மேட்டூர் அணை இருபத்தெட்டு.

இன்னொரு பக்கம், அந்த நாட்டில் பிள்ளைப்பேறும் குறைந்துகொண்டே வருகிறது. 2015இல் ஆண்டுக்குப் பதினைந்து லட்சத்துக்கு மேல் பிறந்தார்கள். இப்போது சுமார் பத்து லட்சம். மொத்த மக்கள்தொகை இன்னும் மெல்ல ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஒரு பெண்ணுக்கு சராசரி 2.1 பிள்ளை என்ற ஈடுகட்டும் அளவுக்குக் கீழே போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்தவுடன் பலர் சொல்வது: "நல்லதாப் போச்சு, ஆள் குறைஞ்சா தண்ணி மிஞ்சும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் நிற்காது. ஈரான் எடுக்கும் தண்ணீரில் ஏறத்தாழ 90 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. வீட்டுக் குழாய்களில் வருவது ஏழெட்டு சதவீதம். நாட்டில் பாதிப் பேர் நாளைக்கே மாயமானாலும் வீடுகளில் மிச்சமாவது நான்கு சதவீதம்தான். சாப்பாடும் குறையுமே என்றால், எந்தக் கிணறும் அந்த ஊர் வாய்களை எண்ணிப் பார்த்து ஓடுவதில்லை. ரஃப்சன்ஜான் பிஸ்தா ஏற்றுமதிக்குப் போகிறது. கோதுமையை அரசு உத்தரவாத விலைக்கு வாங்கிக்கொள்கிறது. மோட்டார் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு இழுக்கிறது. பத்து வீடு காலியான ஊரில் மிச்சமிருக்கும் ஐந்து வீட்டுக்காரர்கள் அதே கிணற்றை அதே நேரம்தான் ஓட்டுவார்கள்.

இந்த இடத்துக்கு எப்படி வந்தார்கள் என்பதற்குக் கனாத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஈரானின் சராசரி மழை ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதிலும் ஏறத்தாழ 70 சதவீதம் ஆவியாகிவிடுகிறது. அப்படிப்பட்ட நாட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஊர்களை வாழவைத்தது கனாத்து என்ற சுரங்கக் கால்வாய். மலையடிவாரத்தில் முதலில் ஒரு சோதனைக் கிணறு தோண்டுவார்கள். நீர் தட்டினால் சில நாள் விட்டு, எவ்வளவு ஊறுகிறது என்று பார்ப்பார்கள். தேறினால் அதுவே தாய்க்கிணறு. கயிறும் மட்டமும் வைத்து அங்கிருந்து பள்ளத்தை நோக்கி அளந்து, அந்த நீர்மட்டம் தரையைத் தொடும் இடத்தைக் குறிப்பார்கள். தோண்டுவது அந்த வாயிலிருந்து மேல்நோக்கி. ஓர் ஆள் குனிந்து போகும் உயரம், அகலம் அதில் பாதி. சரிவு ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர், சில சமயம் 1,500 மீட்டருக்கு ஒரு மீட்டர். இதைவிடச் செங்குத்தானால் ஓடும் நீர் தரையை அரித்துச் சுரங்கத்தையே சாய்த்துவிடும். இதைவிடத் தட்டையானால் வண்டல் தங்கிவிடும். இருபது முதல் ஐம்பது மீட்டருக்கு ஒரு செங்குத்துத் துளை, காற்று வரவும் மண் ஏற்றவும். ஏற்றிய மண்ணைத் துளையைச் சுற்றி வளையமாகக் கொட்டிவிடுவார்கள். வெள்ளம் உள்ளே இறங்காது. விமானத்திலிருந்து பார்த்தால் எறும்புப் புற்று வரிசை மாதிரித் தெரிவது அதுதான். மண் இளகலாக இருக்கும் இடத்தில் சுட்ட களிமண் வளையங்களை வரிசையாகச் சொருகித் தாங்குவார்கள்.

இதைச் செய்பவர் முகன்னி. கையில் ஓர் எண்ணெய் விளக்கு. சுடர் மங்கினால் காற்று கெட்டுவிட்டது, உடனே வெளியே வந்துவிட வேண்டும். பின்னால் இரண்டு விளக்குகளை வைத்துத் திரும்பிப் பார்ப்பார். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் சுரங்கம் நேராகப் போகிறது. கோனாபாத் கனாத்தின் தாய்க்கிணறு 300 மீட்டருக்கும் மேல் ஆழம், சுரங்கம் 33 கிலோமீட்டர். வந்த நீரைப் பங்கிடுவதற்கு மீராப் என்ற நீர்க்கணக்கர் இருந்தார். பெரிய பாத்திரத்து நீரில் அடியில் துளையிட்ட சிறு செப்புக் கிண்ணத்தை மிதக்கவிடுவார். அது நிரம்பி மூழ்கினால் ஒரு பங்கு முடிந்தது. நம் நாழிகை வட்டில்தான், வேலை மட்டும் வேறு.

கனாத்தின் அருமை வேறு எதிலும் இல்லை. கனாத்தால் பேராசைப்பட முடியாது, அவ்வளவுதான். புவியீர்ப்பில் வடிகிற நீரைத்தான் அது தரும். மழை குறைந்தால் நீர்மட்டம் இறங்கும், வரத்து தானாகக் குறையும், ஊரும் தானாகச் சிக்கனம் பிடிக்கும். வட்டியை மட்டும் எடுத்துச் சாப்பிடும் ஏற்பாடு. குறையும் சொல்ல வேண்டும்: பயிருக்குத் தேவையில்லாத குளிர்காலத்திலும் அது ஓடிக்கொண்டே இருக்கும், மூட முடியாது. மோட்டார் வந்தபோது விவசாயி இதைத்தான் சுட்டிக்காட்டினார். அதில் தப்பில்லை.

1960களின் நிலச் சீர்திருத்தத்தில் கனாத்தைப் பராமரித்த பழைய பண்ணை அமைப்பு உடைந்தது. 1968இல் நீர் முழுவதும் அரசுடைமை ஆனது. கனாத்தைச் சுற்றி இவ்வளவு தூரத்துக்குள் வேறு யாரும் தோண்டக் கூடாது என்று ஹரீம் என்ற காப்பெல்லை பழைய சட்டத்திலேயே உண்டு. ஆழ்கிணற்றுக்கு அந்த எல்லை ஒரு பொருட்டே இல்லை. ஓடுகிற மோட்டாரைச் சுற்றி நீர்மட்டம் புனல் மாதிரிக் குழியும். அந்தக் குழி கனாத்தின் தரைக்குக் கீழே போன அன்றைக்குக் கனாத்து காய்ந்துவிடும். முகன்னி இறங்கி இன்னும் கொஞ்சம் தோண்டலாம். ஆனால் சரிவுக் கணக்கு இருக்கிறதே, வாய் இருக்கும் மட்டத்துக்குக் கீழே சுரங்கத்தை இறக்க முடியாது.

அதன் பிறகு கிணற்றுக்கும் கிணற்றுக்கும் போட்டி. பக்கத்து நிலத்துக்காரர் ஆழப்படுத்தினால் இவரும் ஆழப்படுத்தியாக வேண்டும். பாரசீகத்தில் இதற்கு 'கஃப் ஷெகனி', அடியை உடைப்பது, என்று பெயர். மின்சாரம் ஏறக்குறைய இலவசம் என்பதால் ஐம்பது மீட்டரிலிருந்து இறைப்பதும் இருநூறு மீட்டரிலிருந்து இறைப்பதும் விவசாயியின் பையில் ஒன்றுதான். இதைக் கொங்கு நாட்டில் ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நம்முடையது கடும்பாறை; தண்ணீர் போனால் விரிசல்கள் காலியாகும், பாறை அப்படியே நிற்கும். ஈரானின் சமவெளிகள் மலையிலிருந்து அடித்து வந்த மணலும் சரளையும், இடையிடையே களிமண் படுகைகளும். அங்கே மேலே இருக்கும் பாரத்தைத் துகள்கள் மட்டும் தாங்கவில்லை, இடைவெளியில் நிற்கும் நீரின் அழுத்தமும் சேர்ந்து தாங்குகிறது. நீரை உறிஞ்சினால் முழுப் பாரமும் துகள்மேல் விழும். மணல் ஓரளவு தாங்கும். களிமண் தட்டு தட்டாக அமுங்கிவிடும். பிறகு பத்து வருஷம் அடைமழை பெய்தாலும் அந்த இடைவெளி திறக்காது. அதாவது தண்ணீர் மட்டும் போகவில்லை, தண்ணீர் வைத்திருந்த பானையும் போய்விட்டது.

டெஹ்ரானுக்குத் தென்மேற்கே உள்ள சமவெளி சில இடங்களில் ஆண்டுக்கு 25 சென்டிமீட்டர் வரை இறங்குவதைச் செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டுகின்றன. கிணற்றுக்குள் இறக்கிய இரும்புக் குழாய் ஆழத்து உறுதியான படுகையில் ஊன்றி நிற்கிறது, சுற்றியுள்ள நிலம் மட்டும் அமிழ்கிறது. அதனால் தரைமட்டத்தில் இருந்த குழாய் வாய் சில ஆண்டுகளில் இடுப்புயரத்துக்கு வந்துவிடும். புதிதாகப் பார்ப்பவருக்குக் குழாய் வளர்வது போலத் தோன்றும். நிலம் சீராக அமிழ்ந்தாலாவது பரவாயில்லை. களிமண் தடிமன் மாறும் இடங்களில் ஏற்றத்தாழ்வாக அமிழ்ந்து பிளக்கிறது: குடிநீர்க் குழாய், எரிவாயுக் குழாய், ரயில் பாதை எல்லாம் அந்தப் பிளவுகளில் மாட்டுகின்றன. பழைய பாரசீகத் தலைநகரான பெர்செபோலிஸை ஒட்டிய மர்வ்தஷ்த் சமவெளியிலும் பிளவுகள் வந்துவிட்டன.

அரசு ஏன் விட்டது? ஊழல், திறமைக்குறைவு என்று ஒரே வரியில் முடிப்பது சுலபம். 1980 முதல் எட்டு ஆண்டுகள் ஈராக்குடன் போர், அதன் பின் தடைமேல் தடை. வெளியிலிருந்து கோதுமை வருவது எந்த நாளும் நிற்கலாம் என்று பயந்த அரசு, சோற்றுக்கு யாரிடமும் கையேந்தக் கூடாது என்று முடிவு செய்தது. 2004இல் கோதுமையில் தன்னிறைவு என்று அறிவித்துக் கொண்டாடினார்கள். அடுத்தடுத்த வறட்சிகளில் மீண்டும் இறக்குமதி. ஒரு கிலோ கோதுமைக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் நீர் வேண்டும். கப்பலில் வரும் கோதுமை அந்த நீரையும் சுமந்துதான் வருகிறது. அதை மறுப்பதென்றால் நிலத்தடியிலிருந்துதான் ஈடுகட்ட வேண்டும். 2010இல் இன்னொன்றும் செய்தார்கள்: 2007 மார்ச்சுக்கு முன் அனுமதியில்லாமல் தோண்டிய கிணறுகளை முறைப்படுத்த வழி திறக்கும் சட்டம். அதைப் படித்த விவசாயிக்குக் கிடைத்த பாடம், இப்போது தோண்டி வை, பிறகு எப்படியும் பட்டா வந்துவிடும் என்பது.

வேளாண் அமைச்சராக இருந்த இஸா கலாந்தாரி, இப்படியே போனால் ஐந்து கோடிப் பேர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டிவரும் என்று 2015இல் சொன்னார். அந்த எண்ணை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். ஐந்து கோடிப் பேரை ஏற்கும் அக்கம்பக்கம் எதுவும் இல்லை. நீரியல் அறிஞர் கவே மதானி பயன்படுத்திய சொல்தான் சரியாகப் பொருந்துகிறது: நீர் திவால். நெருக்கடி என்றால் கடந்துபோகும். திவாலானவர் கடன்காரர்களை உட்காரவைத்து, யாருக்கு எவ்வளவு வெட்டுவது என்று பேசியாக வேண்டும். 2017இல் சுற்றுச்சூழல் துறையின் துணைத் தலைவராக வெளிநாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட அவர், ஓர் ஆண்டுகூட முடியாமல் 2018இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

இனி தொட்டில் பக்கம். 1979 புரட்சிக்குப் பிறகு ஷா காலத்துக் குடும்பக் கட்டுப்பாடு கிடப்பில் போனது. 1986 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 4.94 கோடி. போர் முடிந்து கணக்குப் பார்த்த அரசு 1989இல் முழு மூச்சாகத் திரும்பியது. 1993 சட்டம் நான்காவது பிள்ளையிலிருந்து சலுகைகளை வெட்டியது. கல்யாணப் பதிவுக்கு முன் மணமக்கள் வகுப்பில் உட்கார வேண்டும். மாத்திரை, ஆணுறை, கருத்தடை அறுவை எல்லாம் இலவசம்.

இதன் முதுகெலும்பு கிராமத்துச் 'சுகாதார வீடு'. ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒன்று. அதில் இருக்கும் பெஹ்வர்ஸ் என்ற சுகாதாரப் பணியாளர் அதே ஊர்க்காரர், இரண்டு ஆண்டு பயிற்சி பெற்றவர். சுவரில் ஜீஜ் என்ற வட்ட அட்டவணை தொங்கும். ஜீஜ் என்பது பழைய வானியலாளர்கள் கோள்நிலை குறித்து வைத்த அட்டவணையின் பெயர். இங்கே கோள்களுக்குப் பதில் ஊர்: எந்த மாதம் எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு, என்ன காரணம், யார் எந்தக் கருத்தடை முறை. ஒரு பார்வையில் அந்த ஆண்டின் கிராமம் தெரிந்துவிடும். நிலத்தடி நீருக்கு இப்படி ஒரு சுவர் அட்டவணை ஊருக்கு ஊர் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எண்பதுகளின் நடுவில் ஒரு பெண்ணுக்கு ஆறுக்கு மேல் இருந்த சராசரி 2000 வாக்கில் இரண்டாக இறங்கியது. இவ்வளவு வேகமான இறக்கம் உலகில் அபூர்வம். அரசுத் திட்டம் மட்டும் காரணமில்லை. பெண்கள் படித்தார்கள், குழந்தை இறப்பு குறைந்தது, திட்டம் வரும் முன்பே எண்ணிக்கை இறங்கத் தொடங்கியிருந்தது.

2012 அக்டோபரில் உச்சத் தலைவர் அலி காமெனெயி, தொண்ணூறுகளுக்குப் பிறகும் அந்தக் கொள்கையைத் தொடர்ந்தது தவறு, அதில் தமக்கும் பங்குண்டு, இறைவன் மன்னிக்கட்டும் என்றார். 2021 நவம்பரில் புதுச் சட்டம் வந்தது. அரசு மருத்துவமனைகளில் இலவசக் கருத்தடை நின்றது, கருத்தடை அறுவைக்குத் தடை, கர்ப்பகாலப் பரிசோதனைகளுக்குக் கெடுபிடி. மறுபக்கம் கடன், மூன்றாவது பிள்ளைக்கு வீட்டுமனை, இரண்டாவது பிள்ளை பெற்ற தாய்க்கு உள்நாட்டுக் காரைத் தொழிற்சாலை விலையில் வாங்க முன்னுரிமை. அந்தக் காரை வாங்கி வெளிச்சந்தையில் விற்றால் லாபம் என்பதால் அதற்குக் கிராக்கி உண்டு. ஆனால் பிறப்பு கூடவில்லை. ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டும் விலையேற்றத்தில் வாடகைக்கே சம்பளம் போதாதவர்கள் கல்யாணத்தையே தள்ளிப்போடுகிறார்கள். அரசு கொடுப்பதாகச் சொல்லும் மனைக்கு எங்கிருந்து தண்ணீர் வரும் என்ற கேள்வி சட்டத்தில் இல்லை.

ஆண்டுக்கு இருபது லட்சம் பேர் பிறந்த எண்பதுகளின் தலைமுறைக்கு இப்போது நாற்பது வயதை ஒட்டி. உழைக்கும் வயதினர் விகிதம் உச்சத்தில் இருக்கும் காலம் இது. 2040க்குப் பிறகு அவர்கள் கூட்டமாக அறுபதைத் தாண்டுவார்கள். இப்போதே ஓய்வூதிய நிதிகளில் பெரும்பாலானவை அரசு தரும் பணத்தில்தான் ஓடுகின்றன. திவாலிலிருந்து எழுவதற்குப் பணமும் ஆளும் வேண்டும்: கிணறுகளை விலை கொடுத்து மூட, விவசாயிக்கு வேறு வேலை உண்டாக்க. உழைப்பவர்களில் ஆறேழு பேருக்கு ஒருவர் விவசாயத்தில் இருக்கிறார். வருமானம் தரும் தலைமுறை கையில் இருக்கும்போது செய்யாததை, பென்ஷன் தரவேண்டிய தலைமுறையாக அது மாறிய பின் செய்ய முடியாது. ஆள் குறைந்தால் தண்ணீர் மிஞ்சும் என்ற வாதம் சறுக்குவது இங்கேதான். மிஞ்சுவது கிணறு, அதை மூட வழியில்லாத கஜானா.

2014இல் நிலத்தடி நீரை மீட்கும் திட்டம் ஒன்றைத் தீட்டினார்கள். தாளில் நல்ல திட்டம். மீட்டர் மாட்டு, கள்ளக் கிணற்றை மூடு, உரிமத்தில் எழுதிய அளவை ஊற்றுக்கு ஏற்பக் குறை. நடைமுறையில், மின் மோட்டாரில் மீட்டர் வைத்தால் டீசல் எஞ்சின் வந்துவிடும். ஒரு கிணற்றைச் சரளை கொட்டி மூடினால் துளையிடும் வண்டி ராத்திரியில் அடுத்த வயலுக்குப் போய்விடும். கட்டுப்படுத்த வேண்டியது அந்த வண்டியை. உரிமத்தைக் குறைப்பது இன்னும் சிக்கல். ஒரு கிணற்றில் முப்பது பேருக்குப் பங்கு இருக்கும், தாத்தா காலத்திலிருந்து முறை வைத்து இறைக்கிறார்கள். கால்வாசி வெட்டினால் கடைசிப் பங்காளியின் தோப்பு காயும். சொட்டுநீருக்கு மானியம் கொடுத்தார்கள். ஒரு ஹெக்டேருக்குத் தேவைப்பட்ட நீர் குறைந்தது உண்மை. மிச்சத்தில் விவசாயி இன்னொரு ஹெக்டேர் நட்டார். முன்பு வாய்க்காலில் கசிந்து நிலத்துக்குத் திரும்பிய நீரும் நின்றது. எடுக்கும் மொத்த அளவுக்கு உச்சவரம்பு வைக்காமல் சொட்டுநீர் கொடுத்தால் எங்கேயும் இதுதான் நடக்கும்.

உருமியா ஏரியில் அதுவே பெரிய அளவில் நடந்தது. ஒரு காலத்தில் 5,000 சதுர கிலோமீட்டர் பரந்த உப்பேரி. சுற்றிலும் இருந்த திராட்சைத் தோட்டங்கள் அதிகத் தண்ணீர் குடிக்கும் ஆப்பிளாக மாறின, ஆறுகளில் அணைகள் வந்தன. 2023 கோடையில் ஏரி ஏறக்குறைய உப்புத் திட்டாகிவிட்டது. இஸ்ஃபஹானின் ஜாயந்தே ரூத் ஆறு வருஷத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கிறது. 2021 நவம்பரில் விவசாயிகள் ஆற்றுப்படுகையிலேயே கூடாரம் அடித்துப் போராடினார்கள்.

கடல்நீர் வரும் என்று அரசு சொல்கிறது. 2020 முதல் பாரசீக வளைகுடாவிலிருந்து தென்கிழக்கின் இரும்பு, செம்புச் சுரங்கங்களுக்குக் குழாய் போகிறது. சுரங்கத்துக்குக் கட்டுப்படியாகும். வயலுக்கு? ஒரு கன மீட்டர் கடல்நீரை நன்னீராக்க மூன்றரை யூனிட் மின்சாரம். 1,600 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, பம்பின் விரயத்தையும் சேர்த்து ஐந்தரை யூனிட். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குழாய் உராய்வைக் கணக்கில் எடுக்காமலே ஒன்பது. ஒரு கிலோ கோதுமைக்கு ஒரு கன மீட்டருக்கு மேல் வேண்டும். ஒரு கிலோ கோதுமை விளைக்க ஒன்பது யூனிட் மின்சாரம் செலவழிக்கும் நாடு எங்கேயும் இல்லை.

2025 நவம்பரில் டெஹ்ரானுக்கு நீர் தரும் கராஜ் அணையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோது, மழை வராவிட்டால் நகரைக் காலிசெய்ய வேண்டியிருக்கும் என்றார் அதிபர் மசூத் பெசெஷ்கியான். அந்த நகரம் வீங்கியதில் காய்ந்த கிராமங்களிலிருந்து வந்தவர்களுக்கும் பங்குண்டு. அதே ஆண்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்கானியர்கள் நாட்டைவிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கட்டட வேலை, தோப்பு வேலை, மண் தோண்டும் வேலையெல்லாம் பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தது.

ஆயிரக்கணக்கான கனாத்துகள் இன்னும் ஓடுகின்றன. 2016இல் பதினொன்றை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஓடும் கனாத்துக்கு ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். ஒருவர் அடியில் வெட்டுவார், ஒருவர் மண்ணைத் துளைக்கடிக்கு இழுத்து வருவார், மேலே இரண்டு பேர் ராட்டினம் சுற்றுவார்கள். குறைந்தது நான்கு பேர். இரண்டு மூன்று ஆண்டு விட்டால் வண்டல் தடுத்து நீர் பின்னால் தேங்கும், தேங்கிய நீரில் சுவர் ஊறும், கூரை சரியும். சரிந்த இடத்தை நேராகத் தோண்டக் கூடாது. பக்கவாட்டில் வளைத்து ஒரு புது வழி வெட்டி மறுபக்கம் சேர வேண்டும். எங்கே வளைவது, அடைபட்ட நீரை எந்த உயரத்தில் துளைத்து விடுவது என்பதை அறுபது தாண்டிய சில முகன்னிகளே கை வைத்துப் பார்த்துச் சொல்கிறார்கள். தவறாகத் துளைத்தால் தேங்கிய நீர் ஒரே பாய்ச்சலாக வரும், திரும்பி ஓட இடமிருக்காது. அவர்களுடைய பிள்ளைகள் டெஹ்ரானிலும் இஸ்ஃபஹானிலும் இருக்கிறார்கள். ராட்டினத்துக்கு இப்போது மின்மோட்டார் மாட்டிவிட்டார்கள். உள்ளே இறங்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.